என்.ஐ.சி.யு. பெற்றோருக்கான செயலியைத் தமிழாக்குகிறேன், நாலு இடத்தில் மாட்டிக்கொண்டேன்

கேள்வி: வைகைக்கரையான்

வணக்கம். மதுரையில் இருந்து எழுதுகிறேன். பதினாறு வருடமாக மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. இன்சூரன்ஸ் பாலிசி, உரமூட்டைக் குறிப்பு, வாஷிங் மெஷின் கையேடு எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது வந்திருப்பது வேறு மாதிரி. பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யு.) சேர்த்த குழந்தைகளின் அப்பா அம்மாவுக்கான கைபேசிச் செயலி. அமெரிக்காவில் செய்தது. இங்குள்ள ஒரு மருத்துவமனை தமிழில் கேட்கிறது. 640 வரிகள், எக்செல் தாளில். எந்த வரி எந்தத் திரையில் வரும் என்பதற்கு ஒரு படம்கூட இல்லை.

முதல் நூறு வரி மளமளவென்று ஓடியது. அப்புறம் என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

தாய்ப்பாலைக் கையால் எடுத்து வைக்கச் சொல்லும் வரிக்கு "கறந்து" என்று எழுதியிருந்தேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அடுத்தது முகப்புத் திரை. ஆங்கிலத்தில் பயணம் என்ற பொருளில் ஒரு தலைப்பு. "உங்கள் குழந்தையின் பயணம்" என்று போட்டேன். எங்கள் தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் நினைவுக்கு வந்தது. அழித்துவிட்டேன், பதிலுக்கு எதுவும் வைக்கவில்லை.

மூன்றாவது, வாரக் கணக்கு. "28 வாரம்னா எத்தனை மாசம்?" என்றாள். நான்கால் வகுத்து ஏழு என்றேன். உள்ளே இருந்து மாமியார், "ஏழுன்னா பொழச்சுக்கும், எட்டுதான் ஆகாது" என்றார். 32 வாரத்தில் பிள்ளை பெற்ற ஒருத்தி இதைத் திறந்து "எட்டு மாதம்" என்று படித்தால் என்ன ஆவாள்?

நாலாவது, திரும்பத் திரும்ப வரும் ஒரு நிலவரச் சொல். குழந்தை அப்படியே, ஏற்ற இறக்கமில்லாமல் இருக்கிறது என்று பொருள். "சீராக உள்ளது" என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பதில்: நைட் ட்யூட்டி சிஸ்டர்

சார், நான் இந்தப் பிரிவில் 11 வருடமாக நர்ஸ். ட்யூட்டி முடிந்து பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறப்பது மாட்டுக்கு. நாங்கள் "பாலைப் பீய்ச்சி எடுங்கம்மா" என்போம். முதலில் வருவது சீம்பால். அந்தச் சொல் மாட்டுக்கும் உண்டு, ஆனால் அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் தாளில் பாட்டில், கப் என்று வரும் இடங்களை எல்லாம் நிறுத்திப் பாருங்கள். எங்கள் பிரிவுக்குள் பாட்டிலே வராது. பாலாடையில்தான், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில்தான் புகட்டுவோம். டாக்டர்கள் இங்கிலீஷில் கட்டுரை எழுதும்போதுகூட அதைப் பாலாடை என்றேதான் எழுதுகிறார்கள். நீங்கள் "கோப்பை" என்று போட்டு, யாராவது டீ டம்ளரில் கொடுத்துவிடப் போகிறார்கள்.

வாரத்தை மாதமாக்கவே ஆக்காதீர்கள். கேஸ் ஷீட், ஸ்கேன், டிஸ்சார்ஜ் அட்டை எல்லாவற்றிலும் வாரம்தான். நாம் பத்து மாதம் சுமந்தேன் என்கிறோம், இங்கிலீஷில் ஒன்பது மாதம். இரண்டுமே அந்த 40 வாரம், 280 நாள்தான். நம்முடையது 28 நாள் மாதம், அவ்வளவே. அதனால் 32 வாரம் என்பது நம் கணக்கில் எட்டு, காலண்டர் கணக்கில் ஏழும் சொச்சமும். இந்தக் குழப்பத்தில் அம்மாக்களை இறக்கிவிட வேண்டாம். நான் சொல்வது இப்படித்தான்: "நாப்பதுக்கு இன்னும் எட்டு வாரம் பாக்கி இருக்கும்மா. வயித்துல இருந்து முடிக்க வேண்டியதை இங்க இருந்து முடிக்குது."

எட்டாம் மாதப் பயத்தை ஒளிக்காதீர்கள். ஒரு கேள்வி பதிலாகவே போட்டுவிடுங்கள். 32 வாரக் குழந்தையின் நுரையீரல் 28 வாரக் குழந்தையுடையதைவிட முதிர்ந்தது, பிழைக்கும் வாய்ப்பும் கூடுதல். நாம் சொல்லாவிட்டாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டி நேர்மாறாகச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்.

இனி நான் பயப்படுகிற விஷயம். அதில் கண் பரிசோதனை பற்றி ஒரு பக்கம் இருக்கும், பாருங்கள். அமெரிக்கக் கணக்கில் பொதுவாக 30 வாரம் அல்லது அதற்கு முன் பிறந்த, அல்லது 1,500 கிராமும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு விழித்திரை பார்ப்பார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் பாதிப்புக்காக அது. நம் நாட்டில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் அந்தப் பாதிப்பு வருகிறது. அதனால் இங்கே 34 வாரத்துக்கு முன், அல்லது 2,000 கிராமுக்குக் கீழ் பிறந்தாலே 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். ரொம்பச் சின்னது என்றால் இன்னும் முன்னாலேயே. நீங்கள் அந்த வரியை ஒரு எழுத்துகூடத் தப்பாமல் தமிழாக்கினீர்கள் என்றால், 1,800 கிராம் குழந்தையின் அம்மா "நம்ம பாப்பாவுக்கு வேண்டியதில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். பார்வை போன பிறகு கொண்டுவருவாள். தடுப்பூசி அட்டவணையும் அப்படியே. அவர்களுடையதில் காசநோய்க்கான பி.சி.ஜி. இருக்காது. இதெல்லாம் உங்கள் வேலை இல்லைதான், ஆனால் அந்த 640 வரியையும் முழுசாகப் படிக்கப்போகிற முதல் ஆள் நீங்கள். குழந்தை டாக்டர் ஒருவரை உட்கார வைத்து எண் வருகிற ஒவ்வொரு வரியிலும் டிக் வாங்குங்கள்.

கங்காரு பராமரிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஸ்டாப்பிங் வருவதற்குள். 1978இல் கொலம்பியாவில் பொகோட்டாவில் ஆரம்பித்தது. இப்போது உலக சுகாதார நிறுவனமே நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை என்கிறது. பெயரை வைத்துக்கொள்ளுங்கள், போர்டிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே "பாப்பாவை நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைப்பது" என்று எழுதுங்கள். பட்டன் வைத்த சட்டை போட்டு வரச் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தில் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி என்று எழுதுங்கள்.

பதில்: 31 வார அப்பா

எங்கள் மகள் 31 வாரத்தில் பிறந்தாள், 1,340 கிராம். மனைவி சிசேரியன் தையலோடு ஒரு ஊரில். பாப்பாவை 108இல் ஏற்றி இன்னொரு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் நடுவில் பஸ்ஸில். அங்கேயும் இப்படி ஒரு ஆப் இருந்தது, தமிழில்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம், பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டிக்கொண்டிருக்கும்போது போனில் அறிவிப்பு வந்தது. பூட்டிய திரையில் தெரிந்தது இவ்வளவுதான்: "உங்கள் குழந்தைக்கு இன்று வென்டிலேட்டர் தேவைப்பட…". திறந்து பார்க்கலாம் என்றால் சிக்னல் இல்லை. இருபது நிமிடம். பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். சிக்னல் வந்து திறந்தால், "தேவைப்படவில்லை."

வாக்கியம் சரி, பிழையே கிடையாது. ஆனால் தமிழில் "இல்லை" என்பது கடைசியில்தானே வருகிறது. இங்கிலீஷில் முன்னாலேயே வந்துவிடும், அதனால் வெட்டுப்பட்டாலும் தப்பித்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அறிவிப்பாக வரும் வரிகளை மட்டும் தனியாக எடுத்து, நல்ல செய்தி முதல் இரண்டு சொல்லுக்குள் வருகிற மாதிரி எழுதுங்கள். "தானாக மூச்சு விடுகிறது" என்று தொடங்கியிருந்தால் எனக்கு அந்த இருபது நிமிடம் இல்லை.

இன்னொன்று. 1,500 கிராம் ஆனதும் திரை முழுக்கக் கலர் காகிதம் பறந்து, "குடும்பத்தினருடன் பகிருங்கள்" என்று ஒரு பொத்தான் வந்தது. என் அம்மா போனைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டார். கண் பட்டுவிடுமாம். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை, ஆனால் நானும் யாருக்கும் அனுப்பவில்லை. அதே ஆப் முதல் வாரம் எடை இறங்கியதைச் சிவப்புக் கோடாகக் காட்டிக்கொண்டிருந்தது. முதல் சில நாள் எல்லாக் குழந்தைக்கும் எடை குறையும், குறைமாதக் குழந்தைக்குக் கூடவே குறையும் என்று ஒரு சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். அந்த ஒரு வரி கோட்டுக்குக் கீழே இருந்திருக்கலாம்.

பதில்: மென்பொருள் மாடசாமி

குழந்தை பெயரை நடுவில் செருகும் வரிகள் எப்படியும் இருக்கும். அங்கே வேற்றுமை உருபு சேர்த்து எழுதாதீர்கள், "கவிதாஇன் எடை" என்றுதான் திரையில் வரும். "எடை: 1,340 கிராம்" என்று உடைத்துவிடுங்கள். திரைப் படங்கள் இல்லாமல் வேலையைத் தொடரவே தொடராதீர்கள். பொத்தானில் "சமர்ப்பிக்கவும்" எல்லாம் அடங்காது. "சரி" போதும்.

பதில்: கீரிமலைத் தாதி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இதை இங்கேயும் கொண்டுவருவதாக இருந்தால் தனிக் கோப்பாகச் செய்யுங்கள். எங்களுக்கு நர்ஸ் தாதி, எடை நிறை, பாப்பா பிள்ளை. டிஸ்சார்ஜ் என்பதை ஆட்கள் "துண்டு வெட்டுறது" என்றுதான் சொல்லுவினம். எதைப் போட்டாலும் "வெளியேற்றம்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். சீழ் வடியிறதுக்கும் அதே சொல்தான்.

பதில்: ஆலோசகர் அறை

தாயின் மனநிலை பற்றி 10 கேள்விகள் அதில் இருந்தால், அது பெரும்பாலும் 1987இல் வந்த எடின்பரோ அளவுகோலாக இருக்கும். அதை நீங்களாக மொழிபெயர்க்க வேண்டாம். அதன் தமிழ் வடிவத்தைச் சோதித்துப் பார்த்து 2005இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். சொல்லை மாற்றினால் மதிப்பெண்ணுக்குப் பொருள் போய்விடும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ஒருத்தி ஆம் என்று சொன்னால் யார் கூப்பிடுவார்கள் என்பதை மருத்துவமனையிடம் முதலில் கேளுங்கள். குறைந்தபட்சம் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 அந்தத் திரையிலேயே இருக்கட்டும்.

வைகைக்கரையான் மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் சொன்ன கண் பரிசோதனைப் பக்கம் இருந்தது, 1,500 என்றே இருந்தது. டாக்டரிடம் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அச்செடுத்த தாளோடு மருத்துவமனை வராந்தாவுக்குப் போனேன். படித்துக் காட்டி, உங்களுக்கு என்ன புரிந்தது என்று கேட்பதுதான் திட்டம். பேத்தி உள்ளே இருக்கிற ஒரு அம்மாவிடம் "குழந்தை சீராக உள்ளது" என்று வாசித்தேன். "சீரா? தாய்மாமன் இன்னும் வந்தே சேரலையேப்பா" என்றார். வராந்தாவே சிரித்தது, அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அதை விடு. நேத்தைக்கு இன்னைக்குத் தேவலையா, மோசமா? அதை மட்டும் சொல்லு" என்றார்.

இப்போது அந்த வரி "நேற்று போலவே இருக்கிறது, மோசமாகவில்லை" என்று ஆகியிருக்கிறது.

பதில்: நைட் ட்யூட்டி சிஸ்டர்

"மோசமாகவில்லை" வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று பார்த்தீர்களா சார்? "நேற்று போலவே இருக்கிறது" போதும்.

பெயர் கேட்கும் பெட்டியையும் பாருங்கள். எங்கள் வார்டில் முக்கால்வாசிக் குழந்தைகளுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். கைப்பட்டையில் அம்மா பெயரைப் போட்டு இன்னாருடைய குழந்தை என்றுதான் இருக்கும்.

வைகைக்கரையான்

மாற்றிவிட்டேன். பெயர்ப் பெட்டி கட்டாயம் என்றே இருக்கிறது, நிரப்பாவிட்டால் அடுத்த திரை வராது. தானாகவே "பாப்பா" என்று நிரம்பட்டும் என்று கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை கூப்பிடுகிறோம் என்றார்கள்.