ஓய்வுக்கு முன் நிதி ஆலோசகர் தேவையா? பினாங்கிலிருந்து எங்கள் அனுபவம்

நான் பயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீடு பிறையில். அடுத்த ஆண்டு 60 வயது, அதோடு வேலை முடிகிறது. மனைவி காலையில் வீட்டு வாசலில் அப்பமும் தோசையும் விற்கிறார், அவருக்கு இபிஎஃப் (மலேசியாவின் ஊழியர் சேமநிதி) கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். மகனுக்கு 24 வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. எங்களுக்குப் பிறகும் அவனுக்கு ஓர் ஆள் துணை வேண்டும்.

காசு கொடுத்து ஃபைனான்ஷியல் பிளானர், அதாவது நிதி ஆலோசகர், வைப்பதா வேண்டாமா என்று பலரும் கேட்பதால், எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். எல்லாருக்கும் பிளானர் தேவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் யாரிடமும் கையெழுத்துப் போடாதீர்கள்.

55 வயது ஆனதும், அதுவரை சேர்ந்த இபிஎஃப் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இது நமக்குத் தெரிவதற்கு முன்னாலேயே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. முதலில் வந்தவன் என் அக்கா மகன். யூனிட் டிரஸ்ட் ஏஜெண்ட், அதாவது பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் ஃபண்டுகளை விற்பவன். நல்ல பையன், இந்த ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் ஃபிம் அமைப்பில் முறையாகப் பதிவு செய்தவன். "மாமா, இபிஎஃப்-ல போட்டு வச்சு என்ன பண்ணப் போறீங்க? ஒரு லட்சம் எடுத்து இதுல போடுங்க, அஞ்சு வருஷத்துல பாருங்க" என்றான். மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்து அவன் கொடுத்த விவரத்தாளைப் புரட்டினேன். விற்பனைக் கட்டணம் 5 சதவீதம், அப்புறம் ஆண்டு நிர்வாகக் கட்டணம் 1.5 சதவீதம்.

தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். 1,00,000 வெள்ளி (ரிங்கிட்) போட்டால் முதல் நாளே கிட்டத்தட்ட 5,000 போய்விடும். அதே பணத்துக்கு இபிஎஃப் 2023-க்கு 5.50 சதவீதம் கொடுத்தது, 2024-க்கு 6.30. அந்த 5.50-ஐ முதல் ஆண்டில் எட்டிப் பிடிக்கவே அந்த ஃபண்ட் சுமார் 11 சதவீதம் வளர்ந்தாக வேண்டும். இபிஎஃப் சாதாரண (ஷரியா அல்லாத) சேமிப்புக்கு 2.5 சதவீதத்துக்குக் குறையாமல் டிவிடெண்ட் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எடுக்காமல் வைத்திருந்தால் 100 வயது வரை டிவிடெண்ட் ஏறும். யூனிட் டிரஸ்டுக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை, வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் பிடிஎம் காப்புறுதிப் பாதுகாப்பும் இல்லை.

"வேண்டாம்பா" என்று சொன்னேன். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஃபிம் பதிவு என்பது ஃபண்ட் விற்பதற்கான அனுமதி. குடும்பத்தின் முழுக் கணக்கையும் பார்த்து ஓய்வுத் திட்டம் போட்டுக் கொடுக்க முதலீட்டுத் துறையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் லைசென்ஸ் வேண்டும், அது வேறு. 55 வயதுக்குள் இருப்பவர்கள் இபிஎஃப்-இலிருந்தே ஃபண்ட் வாங்க நினைத்தால், ஏஜெண்ட் வழியாகப் போனால் கட்டணம் 3 சதவீதம் வரை வரும். இபிஎஃப்-இன் இணையக் கணக்கான ஐ-அக்காவுனில் ஐ-இன்வெஸ்ட் வசதி வழியாக நீங்களே வாங்கினால் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை இருக்கிறார். ஃபிக்ஸட் டெபாசிட்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனவர் ஓர் இன்சூரன்ஸ் சேமிப்புத் திட்டத்தோடு வீடு திரும்பினார். ஆண்டுக்கு 20,000 வெள்ளி, ஆறு ஆண்டுகள் கட்ட வேண்டும். "டெபாசிட் மாதிரிதான் டீச்சர், வட்டி கொஞ்சம் கூட" என்று சொன்னார்களாம். நல்ல வேளையாக அவர் மருமகள் பாலிசியைப் படித்துப் பார்த்தார். ஆயுள் காப்புறுதி பாலிசி கைக்கு வந்த 15 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். டீச்சர் கொடுத்தார், பணம் வந்தது. யூனிட் டிரஸ்டிலும் முதல்முறை போடுபவர்களுக்கு ஆறு வேலை நாள் அவகாசம் உண்டு. இந்த இரண்டையும் வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

என்னோடு ஷிப்ட் பார்த்த நண்பருக்கு அந்த வழியும் இல்லை. 2017-இல் பினாங்கில் பணவிளையாட்டுத் திட்டங்கள் (அதிக லாபம் காட்டிப் பணம் திரட்டும் மோசடித் திட்டங்கள்) ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தது நினைவிருக்கும். மாதா மாதம் லாபம் தருகிறோம் என்று "ஆலோசகர்" ஒருவர் சொன்னதை நம்பி, இபிஎஃப்-இல் எடுத்ததை அப்படியே அதில் போட்டிருந்தார். இன்றும் காவலாளி வேலைக்குப் போகிறார். செக்யூரிட்டீஸ் கமிஷனும், நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன. பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும், ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள். லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, எங்கள் முடிவுக்கு வருகிறேன். முதலில் இபிஎஃப்-இன் இலவச ஓய்வு ஆலோசனைச் சேவைக்குப் போனோம். ஆர்.ஏ.எஸ். என்பார்கள். முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். அந்த அதிகாரி எதையும் விற்கவில்லை. மாதச் செலவைக் கேட்டார், என் இருப்பைப் பார்த்தார், மாதம் இவ்வளவு எடுத்தால் இத்தனை வயது வரை வரும் என்று திரையில் காட்டினார். மொத்தமாக எடுக்காமல் மாதா மாதம் எடுக்கும்படி வைத்துக்கொள்ளலாம் என்றார். மனைவியை இபிஎஃப்-இன் தன்விருப்பச் சேமிப்புத் திட்டமான ஐ-சாரானில் சேரச் சொன்னதும் அவர்தான். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் 60 வயதுக்குள் அதில் பணம் போட்டால், போட்டதில் 20 சதவீதம், ஆண்டுக்கு 500 வெள்ளி வரை அரசாங்கம் சேர்த்துத் தருகிறது.

வீட்டுக் கடன் முடிந்து, பிள்ளைகள் தன் காலில் நின்று, சேமிப்பு பெரும்பாலும் இபிஎஃப்-இல் இருக்கிறவர்களுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். கிரெடிட் கார்டு கடன்தான் பிரச்சினை என்றால் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் ஏ.கே.பி.கே. இருக்கிறது, அதுவும் இலவசம்.

எங்களுக்குப் போதவில்லை. மகன் விஷயத்தை அந்த அதிகாரியிடம் கேட்டபோது, "இதுக்கு நீங்க வேற ஆளப் பார்க்கணும்" என்று நேராகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் காசு கொடுத்து ஆலோசனை கேட்கத் துணிந்தோம்.

ஜார்ஜ்டவுனில் இருக்கும் ஒரு பிளானர், நம்மவர்தான். பெயரை செக்யூரிட்டீஸ் கமிஷன் இணையப் பக்கத்தில் தேடி லைசென்ஸ் இருப்பதை உறுதி செய்துகொண்டேன். முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. திட்டம் போட்டுக் கொடுக்க 2,500 வெள்ளி, இரண்டு தவணை, எல்லாம் எழுத்தில். "அண்ணே, இன்சூரன்ஸ் என்கிட்ட வாங்கினா எனக்குக் கமிஷன் வரும். வேற இடத்துலயும் நீங்க வாங்கலாம், திட்டம் மாறாது" என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே சொன்னார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த ஒரு பேச்சில்தான்.

முதலீட்டைப் பற்றி அவர் அதிகம் பேசவே இல்லை. என் மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) பாலிசியைப் பிரித்து, வயதுக்கு வயது பிரீமியம் எப்படி ஏறும் என்ற அட்டவணையைக் காட்டினார். 60-க்கு மேல் அது ஏறுகிற வேகத்தைப் பார்த்து மனைவி வாயடைத்துப் போனார். மாதச் செலவில் அதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கச் சொன்னார்.

அப்புறம் என் இபிஎஃப் நாமினி விவரத்தைக் கேட்டார். மனைவி பெயரில் நூறு சதவீதம். "அண்ணே, ரெண்டு பேரும் ஒண்ணா கார்ல போறீங்க, ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

அப்படியானால் மகள் பெயரைப் போட்டுவிடலாமே என்றேன். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நாமினிதான் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் என்று விளக்கினார். உயிலில் நான் வேறு மாதிரி எழுதினாலும் இபிஎஃப் பணத்துக்கு அது செல்லாது. மகள் தம்பியைக் கைவிட மாட்டாள், எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு அவளுக்கே ஒரு கடன், ஒரு விவாகரத்து வழக்கு என்று வந்தால் அந்தப் பணம் அவள் பணமாகத்தான் கணக்கில் வரும். தம்பிக்கு என்று தனியாக நிற்காது.

அதனால் அவர் எங்களை ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பினார். வீடும் வங்கிச் சேமிப்பும் உயில் வழியாக மகனுக்கான டிரஸ்டுக்குப் போகும். மகளும் என் தம்பியும் டிரஸ்டிகள், அதாவது மகனுக்காக அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்பவர்கள். அவன் சாப்பாடு, மருந்து, பகல்நேர மையத்துக் கட்டணம், எல்லாம் அதிலிருந்து மாதா மாதம். என் இபிஎஃப் பணம் மனைவிக்கு வரும், மனைவியின் உயில் அதை டிரஸ்டில் சேர்க்கும். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஏதாவது ஆனால் என்ன வழி என்பதையும் வழக்கறிஞர் தனியாக எழுதித் தருகிறார். இதை எந்த ஏஜெண்டும் எங்களிடம் கேட்டதில்லை. 2,500 வெள்ளி கொடுத்ததில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

ஆண்டுதோறும் கட்டணம் கட்டித் தொடரலாம் என்றும் சொன்னார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். வீட்டை விற்பது, மகள் வெளிநாடு போவது என்று பெரிதாக ஏதாவது மாறினால் மறுபடி போவோம்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உயில், டிரஸ்ட் பத்திரம் இவற்றுக்கு வழக்கறிஞர் வாங்குவது தனி. பிளானர் கட்டணத்தில் அது சேராது. பிற்பாடு டிரஸ்ட் கம்பெனியை நிர்வாகத்துக்கு வைத்தால் அதற்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. இவற்றை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.