எக்லி பாணி ஃப்ரேம்: வெல்டிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் பழைய வின்சென்ட் மோட்டார் சைக்கிளின் 998 சிசி வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்) இன்ஜின் மட்டும் இருக்கிறது. கிளாசிக் ரேஸில் (பழைய பைக்குகளுக்கான பந்தயம்) ஓட்ட, எக்லி பாணியில் ஒரு ஃப்ரேம் செய்யலாம் என்று இறங்கிவிட்டோம்.

ஸ்விட்சர்லாந்துக்காரர் ஃப்ரிட்ஸ் எக்லி 1967 வாக்கில் செய்தது இது. மேலே சுமார் 100 மி.மீ. விட்டத்தில் ஒரே பெரிய குழாய். அதுவே முதுகெலும்பு, அதுவே ஆயில் டேங்க். இன்ஜின் அதன் கீழே தொங்கும். குழாயின் விட்டம் பெரிதாக இருப்பதால் எளிதில் முறுக்கிக்கொள்ளாது, எடையும் ஏறாது. 1968-ல் ஸ்விஸ் மலையேற்றப் பந்தய சாம்பியன்ஷிப்பை இதை வைத்துத்தான் ஜெயித்தார்.

எங்கள் சிக்கல் ஹெட்ஸ்டாக்கில் (முன் ஃபோர்க் திரும்பும் முன்பக்கக் குழாய்). டாக் அடித்தபோது (அங்கங்கே சிறு புள்ளியாகப் பற்றவைத்தபோது) நேராக இருந்தது, முழு வெல்டிங் முடித்ததும் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. (பாகங்களை அசையாமல் பிடிக்கும் ஜிக் சொந்தத் தயாரிப்பு, சிரிக்காதீர்கள்.) டிக் (TIG) வெல்டிங்கா, அதாவது மின்பொறியில் குழாயையே உருக்கி ஒட்டுவதா, அல்லது குழாயை உருக்காமல் பித்தளையை உருக்கி இணைக்கும் பிரேசிங்கா, எது நல்லது? எந்த வரிசையில் பற்றவைப்பது? அப்புறம், ஆயில் ஓடும் குழாய்க்குள் தங்கும் வெல்டிங் துகளை எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? இன்ஜின் போனால் தாத்தா என்னை விடமாட்டார்.