சொந்தமாகக் கட்டிய 40 மீட்டர் அமெச்சூர் ரேடியோ செட்டில் குரல் குழறுகிறது: சரிசெய்வதா, கம்பெனி செட் வாங்கிவிடுவதா?

செம்புக்கம்பி:

வணக்கம். எட்டு மாதமாக இரவுகளில் உட்கார்ந்து 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒரு எஸ்எஸ்பி செட் (ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் குரலை அனுப்பி வாங்குவது) கட்டினேன். பிட்எக்ஸ் வகைச் சுற்று. அனுப்பவும் வாங்கவும் அதே பெருக்கிகள், 12 மெகாஹெர்ட்ஸில் கிரிஸ்டல் ஃபில்டர், 4.8 முதல் 5.0 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் எல்சி விஎஃப்ஓ (காயிலும் கண்டென்சரும் வைத்து அதிர்வெண்ணை மாற்றும் ஆசிலேட்டர்), கடைசியில் பவருக்கு ஒரே ஒரு ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர். அலுமினியப் பெட்டி. ஏறக்குறைய 5 வாட் வருகிறது.

கேட்பதில் ஒரு குறையும் இல்லை. ராத்திரியில் தூரத்து நிலையங்கள்கூடத் தெளிவாக விழுகின்றன. தொல்லை வேறு இரண்டு இடத்தில்.

முதலாவது, நான் பேசினால் எதிர்முனையில் யாருக்கும் சரியாகப் புரிவதில்லை. "வாளிக்குள் தலையை விட்டுப் பேசுகிறீர்களா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். கரகரப்பு, கூடவே ஒரு குழறல். சத்தமாகப் பேசினால் இன்னும் மோசம். இரண்டாவது, செட்டைப் போட்ட முதல் 20 நிமிடத்தில் அதிர்வெண் 1.5 கிலோஹெர்ட்ஸ் வரை நழுவுகிறது. என்னோடு பேசுகிறவர் டயலைத் திருப்பி என்னைத் துரத்திக்கொண்டே வர வேண்டியிருக்கிறது.

இதுவரை மாற்றியவை: மைக் இரண்டு முறை, ஐஆர்எஃப்510 மூன்று முறை, அதன் பயாஸ் (ஓய்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) எத்தனை முறை என்று நினைவில்லை. பவர் சப்ளையையும் மாற்றிப் பார்த்தேன். ஆன்டெனாவில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை. பக்கத்துக்கு 10 மீட்டர் கம்பி, சாதாரண டைபோல், நடுவில் கோஆக்ஸை (நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ள கேபிள்) நேரடியாகச் சாலிடர் செய்திருக்கிறேன். கோஆக்ஸும் ஏறக்குறைய 10 மீட்டர்தான். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பக்கமிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.3.

உண்மையைச் சொன்னால் அலுத்துவிட்டது. இதைப் பிரித்து டப்பாவில் போட்டுவிட்டு ஒரு கம்பெனி செட் வாங்கிவிடலாமா?

வாங்கிப்பார்:

வாங்கிவிடுங்கள். நானும் கட்டிப் பார்த்தவன்தான். ஒரு கட்டத்தில், பேசிய நேரத்தைவிடச் சாலிடரை உறிஞ்சி எடுத்த நேரம் அதிகம் என்று புரிந்தது. கம்பெனி செட்டில் 160 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எல்லா பேண்டும் உண்டு, 100 வாட் உண்டு, உள்ளேயே ட்யூனர், கேட்கும் அதிர்வெண் அகலத்தை வேண்டிய அளவுக்குச் சுருக்கிக்கொள்ள டிஎஸ்பி (டிஜிட்டல்) ஃபில்டர். அப்புறம் எஸ்டபிள்யூஆர் ஏறினால் அது தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் ஐஆர்எஃப்510 செத்த பிறகுதான் விஷயத்தைச் சொல்லும். அந்த வசதிகளை எல்லாம் நீங்களே கட்ட வேண்டுமானால் எட்டு மாதம் போதாது, எட்டு வருடம் ஆகும்.

பழையவால்வு:

வாங்குவது இருக்கட்டும். டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டிச் சோதிக்கும் ரெசிஸ்டர்) வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் 1 கிலோ ஓம்ஸ், 2 வாட் ரெசிஸ்டர் 20 எடுத்துப் பேரலலாக இணையுங்கள். 50 ஓம்ஸ் வரும், 40 வாட் தாங்கும். கார்பன் அல்லது மெட்டல் ஃபிலிம் மட்டும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம், அது காயிலாகவும் வேலை செய்து கணக்கைக் கெடுக்கும்.

அதில் முழு பவரில் பேசுங்கள், பக்கத்தில் இன்னொரு ரிசீவரை வைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு ஆன்டெனாவுக்கு மாற்றி, அதே வாக்கியத்தை அதே குரலில் பேசிப் பதிவு செய்யுங்கள். பேசும்போதே காதில் கேட்டு எடைபோட முயல வேண்டாம், நம் குரல் நம்மையே ஏமாற்றும். கடைசியாக, ஆன்டெனாவில் பேசிக்கொண்டே ஒரு கையைப் பெட்டியின் மேல் வையுங்கள். ஏதாவது மாறுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை எதையும் கழற்ற வேண்டாம். ஏற்கனவே மூன்று டிரான்சிஸ்டரைக் காரணமில்லாமல் தண்டித்துவிட்டீர்கள்.

செம்புக்கம்பி:

செய்தேன். டம்மி லோடில் குரல் சுத்தம்! மூன்று முறை கேட்டேன், நம்பவே முடியவில்லை. டையோடு வைத்து உச்ச வோல்ட்டேஜ் பார்த்தேன், 22 வோல்ட். 50 ஓம்ஸுக்கு அது 5 வாட் கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆன்டெனாவுக்கு மாற்றினால் அதே வாளிக்குரல். பெட்டியில் கை வைத்தால் குழறல் பாதியாகக் குறைகிறது, எஸ்டபிள்யூஆர் 1.3இலிருந்து 1.6க்குப் போகிறது. பவரை 1 வாட்டுக்கு இறக்கினால் ஆன்டெனாவிலும் சுத்தம். பேய் பிடித்த செட் மாதிரி இருக்கிறது.

பழையவால்வு:

பேய் இல்லை, கோஆக்ஸின் வெளித்தோல்.

டைபோலுக்கு இரண்டு கை. உங்களுடையதற்கு மூன்று. கோஆக்ஸின் பின்னலுக்கு உள்பக்கம் வேறு, வெளிப்பக்கம் வேறு. ரேடியோ அதிர்வெண்ணில் இரண்டும் தனித்தனிக் கம்பிகள் மாதிரிதான். பேலன் (வெளிப்பக்கத்தில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் இணைப்பு) எதுவும் இல்லாமல் நேரடியாகச் சாலிடர் செய்ததால், வெளிப்பக்கம் நடுப்புள்ளியிலிருந்து மூன்றாவது கம்பியாகக் கீழே தொங்குகிறது. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 42 மீட்டருக்குச் சற்று மேல், அதில் கால் பங்கு 10.5 மீட்டர். உங்கள் கோஆக்ஸ் 10 மீட்டர், செட்டும் அதன் ஒயர்களும் சேர்ந்தால் கால் அலை கச்சிதமாக வந்துவிடுகிறது. எர்த் இல்லாமல் மிதக்கும் கீழ்முனையில் வோல்ட்டேஜ் உச்சத்தில் நிற்கும். செட், மைக், நீங்கள் எல்லோரும் அந்த முனையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மைக் ஒயர் அந்த அலையைப் பிடித்து முதல் ஆடியோ டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கிறது. அது டையோடு போல நடந்து அலையை மறுபடி சத்தமாக்குகிறது, அந்தச் சத்தம் உங்கள் குரலோடு சேர்ந்து மீண்டும் வெளியே போகிறது. சுற்றிச் சுற்றி இதே வேலை. 1 வாட்டில் அந்தச் சுழற்சிக்குத் தெம்பு போதவில்லை, 5 வாட்டில் போதுகிறது.

எனக்கு முதலில் வேறு சந்தேகமும் இருந்தது. பேச்சின் உச்சத்தில் சப்ளை இறங்கி விஎஃப்ஓவை இழுக்கிறதோ என்று நினைத்தேன். அப்படியானால் டம்மி லோடிலும் குழறியிருக்க வேண்டும், இரண்டிலும் இழுக்கும் ஆம்பியர் கிட்டத்தட்ட ஒன்றுதானே. ஆகவே அதை விட்டுவிடலாம்.

எஸ்டபிள்யூஆர் 1.3 என்றதால் ஆன்டெனா நல்லது என்று முடிவு செய்தீர்கள். பலரும் வழுக்கும் இடம் அது. மீட்டர் கோஆக்ஸுக்குள் ஓடுவதைத்தான் பார்க்கிறது, வெளித்தோலில் ஓடுவது அதற்குத் தெரியாது. கை வைத்ததும் எண் மாறியது பாருங்கள், கோஆக்ஸும் ஆன்டெனாவின் பாகமாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

மருந்து ஒரு சோக். எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கோஆக்ஸையே 12 சுற்றுச் சுற்றி, டைபோலின் நடுப்புள்ளியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். உள்ளே ஓடுவதை அது தொடாது, வெளியே ஓடுவதற்குச் சில ஆயிரம் ஓம்ஸ் தடையாக நிற்கும்.

வாங்கிப்பார்:

நான் சொன்னது இதைத்தான். கம்பெனி செட்டில் மைக் சாக்கெட்டிலேயே ஃபில்டர் போட்டிருப்பார்கள். இந்தத் தலைவலியே வந்திருக்காது.

பழையவால்வு:

பாதி சரி. அவர்கள் கவசமும் ஃபில்டரும் நம்மைவிட ஒழுங்காகப் போடுவார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் 5 வாட் போய் 100 வாட் வரும்போது பவர் 20 மடங்கு, அதே கீழ்முனையில் வோல்ட்டேஜ் நாலரை மடங்கு. பெட்டியின் திருகில் விரல் பட்டால் சுடும். செம்புக்கம்பி, யாரிடமாவது ஒரு கம்பெனி செட்டை ஒரு மாலைக்கு இரவல் வாங்கி, சோக் போடுவதற்கு முன்னால் அதே ஆன்டெனாவில் மாட்டிப் பாருங்கள். உங்கள் உரிமம் அனுமதிக்கும் பவருக்குள் மட்டும்.

வாங்குவதா கட்டுவதா என்று பொதுவாகக் கேட்டால், என் மேசையில் இரண்டும் இருக்கின்றன. கையில் பிடிக்கும் விஎச்எஃப் செட்டை நான் கட்டவே மாட்டேன், அவ்வளவு சின்னப் பெட்டியில் அவ்வளவு வேலையை நம்மால் அடக்க முடியாது. ஆன்டெனாவையும் டம்மி லோடையும் வாங்கவே மாட்டேன். நடுவில் இருப்பவை மனநிலையைப் பொறுத்தவை. கம்பெனி செட்டில் எனக்கு ஒரே ஒரு குறை. பத்து வருடம் கழித்து டிஸ்ப்ளே மங்கினால் அதே டிஸ்ப்ளே எங்கும் கிடைக்காது. அரிசியைவிடச் சின்னதாக இருக்கும் பாகங்களைக் கழற்ற எனக்குக் கண்ணும் இல்லை. ஐஆர்எஃப்510 செத்தால் பத்து நிமிட வேலை. அதன் உலோக முதுகு டிரெயினோடு ஒட்டியது என்பதால் இடையில் மின்சாரம் பாயாமல் தடுக்கும் மைக்கா வைக்க மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

மஞ்சள்வளையம்:

குரல் விஷயத்தைப் பெரியவர் பார்த்துக்கொள்கிறார், நான் நழுவலுக்கு வருகிறேன். விஎஃப்ஓ காயிலை என்ன நிற இரும்புத்தூள் வளையத்தில் சுற்றினீர்கள்?

செம்புக்கம்பி:

சிவப்பு, டி50-2. 30 சுற்று. கையில் இருந்தது அதுதான்.

மஞ்சள்வளையம்:

நினைத்தேன். அந்தச் சிவப்புக் கலவை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் இண்டக்டன்ஸ் பத்து லட்சத்துக்கு 95 பங்கு ஏறும். அதிர்வெண் அதில் பாதி வீதத்தில் இறங்கும். 4.9 மெகாஹெர்ட்ஸில் அது டிகிரிக்கு 230 ஹெர்ட்ஸ். பெட்டிக்குள் ஆறு ஏழு டிகிரி ஏறினால் உங்கள் 1.5 கிலோஹெர்ட்ஸ் வந்துவிட்டது. மஞ்சள் வளையம், அதாவது டி50-6, டிகிரிக்கு 35 பங்குதான். 86 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதன் இண்டக்டன்ஸ் சற்றுக் குறைவு, ஆகவே 30க்குப் பதில் 33 சுற்று போடுங்கள். (என் பெயருக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.)

விஎஃப்ஓவில் உள்ள கண்டென்சர்கள் எல்லாம் என்பி0 (சூட்டில் மதிப்பு மாறாத) வகையா என்று பாருங்கள். சாதாரண செராமிக் ஒன்றே ஒன்று இருந்தாலும் மஞ்சள் வளையம் வீண். விஎஃப்ஓவுக்குத் தனி ரெகுலேட்டர் வையுங்கள், ஐஆர்எஃப்510இன் ஹீட்ஸிங்க்கைப் பெட்டிக்கு வெளியே தள்ளுங்கள். அதிர்வெண்ணை டிஜிட்டலாக உண்டாக்கும் எஸ்ஐ5351 சிப் போட்டால் நழுவல் பிரச்சினையே தீரும் என்று இனி யாராவது வந்து சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எட்டு மாதம் எல்சியோடு மல்லுக்கட்டியவர் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டலாம்.

இன்னொன்று, அவுட்புட்டில் லோ பாஸ் ஃபில்டர் இருக்கிறதுதானே? நண்பர் ஒருவரை 14.2 மெகாஹெர்ட்ஸில் கேட்கச் சொல்லி உங்கள் இரண்டாவது ஹார்மோனிக் (இரட்டிப்பு அதிர்வெண்ணில் கசிவது) அங்கே கேட்கிறதா என்று பாருங்கள். கம்பெனி செட்டில் இதை அவர்கள் அளந்து அனுப்புகிறார்கள். நாம் கட்டினால் நாம்தான் அளக்க வேண்டும்.

செம்புக்கம்பி:

தாமதத்துக்கு மன்னிக்கவும். வளையங்கள் வந்து சேரப் பத்து நாள் ஆனது. வரிசையாகச் சொல்கிறேன்.

லோ பாஸ் ஃபில்டர் இருக்கிறது. நண்பர் 14.2இல் ஒன்றும் கேட்கவில்லை என்றார், அவர் வீடு பக்கம்தான்.

இரவல் செட். சோக் இல்லாமல் 5 வாட்டில் குரல் சுத்தமாக இருந்தது, வாங்கிப்பாருக்கு ஒரு மதிப்பெண். 50 வாட்டில் கரகரப்பு ஆரம்பித்தது. 100 வாட்டில் என் வாளிக்குரலேதான். கூடவே கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும் என்னோடு சேர்ந்து பேசியது, மவுஸ் உறைந்துபோனது. மைக்கின் உலோக வளையத்தில் உதடு பட்டு ஒரு குத்து வாங்கினேன். பெரியவர் சொன்னபோது இன்னும் கொஞ்சம் கவனமாகப் படித்திருக்கலாம்.

சோக் கட்டிய பிறகு அதே செட் 100 வாட்டில் சுத்தம். மவுஸும் பிழைத்தது. என் செட்டை மாட்டினேன். முக்கால்வாசி சரியாகிவிட்டது, ஆனால் சத்தமாகப் பேசும்போது லேசாக ஒரு கரகரப்பு மிச்சம் இருக்கிறது. இப்போது பெட்டியில் கை வைத்தால் எதுவும் மாறவில்லை. ஆனால் மைக் ஒயரைப் பிடித்தால் மாறுகிறது.

பழையவால்வு:

மைக் ஒயரின் கவசப் பின்னலை எங்கே சாலிடர் செய்தீர்கள்?

செம்புக்கம்பி:

போர்டில், ஆடியோ கிரவுண்டில். சாக்கெட் பிளாஸ்டிக் என்பதால் வேறு இடம் இல்லை.

பழையவால்வு:

அப்படியானால் பின்னல் பிடித்த அலையை எல்லாம் நீங்களே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் முதல் டிரான்சிஸ்டரின் பக்கத்தில் உட்கார வைக்கிறீர்கள். பின்னல் பெட்டியின் சுவரிலேயே முடிய வேண்டும். உலோக சாக்கெட் போட்டு அங்கேயே பெட்டியோடு சேருங்கள். நடு ஒயரில் ஒரு 100 ஓம்ஸ் ரெசிஸ்டர், சாக்கெட் பக்கத்திலேயே 1 நானோ ஃபாரட் கண்டென்சரைப் பெட்டிக்கு இறக்குங்கள். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அது வெறும் 23 ஓம்ஸ், அப்படியே வடிந்துபோகும். 3 கிலோஹெர்ட்ஸ் குரலுக்கு 50 ஆயிரம் ஓம்ஸுக்கு மேல், குரல் அதைக் கண்டுகொள்ளாது.

செம்புக்கம்பி:

போட்டேன். நேற்று ராத்திரி வாளி என்று சொன்ன அதே மனிதரை அழைத்தேன். "புது செட் வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்டார். அதே செட்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் காத்திருந்தேன் தெரியுமா!

இரவல் செட்டைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தேன், அந்த ஃபில்டரைச் சுருக்கும் குமிழ் ஒரு சுகம். பிறகு எப்போதாவது ஒன்று வாங்குவேன் என்று நினைக்கிறேன். இந்தச் செட்டைப் பிரிக்கப் போவதில்லை.

மஞ்சள் வளையத்தை இந்த ஞாயிறு சுற்றுகிறேன். சுற்றிய பிறகு கம்பி அசையாமல் இருக்க நகப்பூச்சு பூசலாமா?

மஞ்சள்வளையம்:

நிறமில்லாத நகப்பூச்சு, மெல்லியதாக ஒரு பூச்சு போதும். பூசினால் அதிர்வெண் கொஞ்சம் கீழே இறங்கும். ஆகவே முழுதாகக் காய்ந்த பிறகு டிரிம்மரை (அதிர்வெண்ணை நுணுக்கமாகச் சரிசெய்யும் பாகம்) தொடுங்கள், அதுவும் பெட்டியை மூடி அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு. 73 (ரேடியோக்காரர்களின் வாழ்த்து).