கிராண்ட் ஸ்லாமுக்கு ‘முழுவாகை’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

மகளிர் சிக்ஸ் நேஷன்ஸ் (ஆறு ஐரோப்பிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் தொடர்) ரக்பிச் சொற்பட்டியலில் கிராண்ட் ஸ்லாமுக்கு, அதாவது ஓர் அணி மற்ற எல்லா அணிகளையும் வெல்வதற்கு, ‘பெருவெற்றி’ என்று போட்டிருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. 2025இல் இங்கிலாந்தும் பிரான்சும் தோல்வியே காணாமல் கடைசி ஆட்டத்துக்கு வந்தன, ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து 43-42 என்று ஒரே புள்ளியில் தப்பித்துத்தான் கிராண்ட் ஸ்லாமை எடுத்தது. அதைப் போய்ப் பெருவெற்றி என்றால் ஆட்டம் பார்த்தவர் சிரிப்பார். 2020இல் இத்தாலியை 54-0 என்று அடித்தார்களே, அது பெருவெற்றி.

‘சாம்பியன் பட்டம்’ என்றும் முடித்துவிட முடியாது. மற்ற ஐந்து அணிகளையும் ஒரே பருவத்தில் வீழ்த்தினால்தான் கிராண்ட் ஸ்லாம். ஒன்றில் தோற்றும் கோப்பை வாங்கலாம். 2021இல் கொரோனாவால் தொடரை இரண்டு பிரிவாகச் சுருக்கி நடத்தினார்கள், இங்கிலாந்து ஆடிய எல்லாவற்றையும் வென்றும் கிராண்ட் ஸ்லாம் கிடையாது, எல்லோருடனும் ஆடினால்தானே!

புள்ளிக் கணக்கைப் பாருங்கள். வெற்றிக்கு 4, நான்கு டிரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் ஊன்றுவது) வைத்தால் போனஸ் 1, ஏழு புள்ளிக்குள் தோற்றால் 1. ஐந்தையும் போனஸ் இல்லாமல் வென்ற அணிக்கு 20தான், ஆனால் நான்கைப் போனஸோடு வென்று ஐந்தாவதில் இரண்டு போனஸோடு தோற்ற அணிக்கு 22 வந்துவிடும். இந்தக் கூத்து நடக்கக் கூடாதென்றுதான் கிராண்ட் ஸ்லாமுக்குத் தனியாக 3 புள்ளி தருகிறார்கள், ஆக 23.

அதனால் என் பரிந்துரை ‘முழுவாகை’. ‘முழுவெற்றி’யை ஒற்றை ஆட்டத்துக்கும் சொல்லிவிடுவோம், இதில் அந்தக் குழப்பம் இல்லை. வாகை சூடுவது நாளிதழ்த் தமிழில் இன்றும் புழங்குவதால் வினையும் கையோடு வந்துவிடுகிறது: முழுவாகை சூடினார்கள், முழுவாகை நழுவியது. டென்னிஸில் நான்கு பெரிய தொடர்களில் ஒவ்வொன்றையுமே கிராண்ட் ஸ்லாம் என்கிறோம், அங்கே இதைக் கொண்டுபோக வேண்டாம்.

டிரிபிள் கிரவுனுக்கு மூளையைக் கசக்கவே தேவையில்லை, ‘மும்முடி’. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கில் ஒன்று மற்ற மூன்றையும் வென்றால் அது. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் அதில் பங்கில்லை. மும்முடிச் சோழன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் டிரை. பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தி வைப்பது. அந்தக் காலத்தில் அதற்குப் புள்ளியே கிடையாது, கோலுக்கு உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு மட்டும்தான், பெயரும் அப்படி வந்தது. தயவுசெய்து ‘முயற்சி’ என்று போட்டுவிடாதீர்கள், ஐந்து புள்ளி வாங்கிய பிறகு என்ன முயற்சி? ‘பந்தூன்றல்’ எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.