'வெதரிங்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

சுங்கை சிப்புட், திங்கள் இரவு

கலைச்சொல் மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டிய செய்முறைத் தாள் ஒன்று என் மேசையில் பாதியில் நிற்கிறது. எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமைதோறும் 12 பிள்ளைகளோடு பிளாஸ்டிக் மாதிரி விமானம் கட்டி வருகிறேன். இம்முறை எடுத்துக்கொண்டது மிக்-29. மலேசிய விமானப்படை 1995 முதல் குவாந்தான் தளத்தில் வைத்துப் பறக்கவிட்ட அதே போர் விமானம். அளவு 1:72. உண்மை விமானத்தின் நீளம் 17.32 மீட்டர்; எங்களுடையது 24 சென்டிமீட்டர்.

பாகங்களை வெட்டி எடுப்பது, உரசுவது, ஒட்டுவது, இடுக்கை அடைப்பது, அடிப்பூச்சு, சாம்பல் நிற மேல்பூச்சு, நீலத்தின் நடுவே 14 முனை மஞ்சள் விண்மீன் உள்ள விமானப்படைச் சின்னம் என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டேன். அதற்கு அடுத்த படியில்தான் பேனா நின்றது. வெயிலும் மழையும் பட்டுப் பழகியது போல மாதிரியைக் காட்டும் வேலை அது. ஆங்கிலத்தில் அதை 'வெதரிங்' (weathering) என்கிறார்கள்.

விமானம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்ணம் அடித்து முடித்த மாதிரி, கடையில் தொங்கும் பொம்மை போலத்தான் இருக்கும். அதன்மேல் பளபளப்பான தெளிபூச்சு ஒன்று அடிக்கிறோம். பிறகு டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தகடுகள் சேரும் கோடுகளில் ஓடவிடுகிறோம். சற்று உலர்ந்ததும் பஞ்சுக் குச்சியால் மூக்கிலிருந்து வால் நோக்கித் துடைக்கிறோம். காற்று போகும் திசை அதுதான். வெள்ளி வண்ணத்தைக் கடற்பஞ்சில் தொட்டு ஓரங்களில் மெல்ல ஒற்றுகிறோம். முடிவில் பளபளப்பை அடக்கும் பூச்சு. அப்போது அந்தப் பொம்மை விமானமாகிறது.

இந்த வேலை முழுவதற்கும் ஒரு பெயர் வேண்டும். 'அழுக்காக்குதல்' என்று ஒரு மாணவி சொன்னாள். அவள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை உங்களிடம் கேட்கிறேன்.

*

சென்னை, செவ்வாய் காலை

மூப்பூட்டல்.

வெப்பமூட்டல், உருவூட்டல், நினைவூட்டல் என்று 'ஊட்டல்' வரிசை ஏற்கெனவே வேரூன்றி நிற்கிறது. வெயிலும் மழையும் தாமாகச் செய்வது தன்வினை. நீங்கள் தூரிகை பிடித்துச் செய்விப்பது பிறவினை. கலைச்சொல்லில் இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும். 'தேய்வு', 'சிதைவு' என்று முடியும் எந்தச் சொல்லும் இங்கே தவறு.

*

யாழ்ப்பாணம், செவ்வாய் மதியம்

எங்கள் பாடப்புத்தகங்களில் 'வானிலையாலழிதல்' என்ற சொல் நெடுங்காலமாக உண்டு. புவியியலில் பாறைக்குச் சொல்வது. பிள்ளைகள் அதைப் பிழையின்றி எழுதுவார்கள். ஆனால் சிறகின் மேல் அழிவைக் காட்டும் கலைக்கு அது பொருந்துமா என்று எனக்கே தயக்கமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் பாறைக்கும் மாதிரிக்கும் போகிறது என்பதற்காகத் தமிழும் அப்படியே போக வேண்டியதில்லை.

*

ஈப்போ, செவ்வாய் இரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணி ஓய்வுக்குப் பிறகு இந்தக் குழுவில் நான் எழுதும் மடல்கள் நீண்டுவிடுகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சொல் 'மங்குவித்தல்'. மங்கு என்பது வேர். 'வி' பிறவினை விகுதி. சென்னை நண்பர் கேட்ட இலக்கணம் நிறைவேறிவிட்டது. ஆனால் நான் இச்சொல்லை விரும்புவதற்குக் காரணம் வேறு. சங்கப் பாடல்களில் 'மங்குல்' என்றால் முகில், இருள். மஞ்சு என்றாலும் முகில். மங்கு, மங்குல், மஞ்சு, மாசு, மை என்று ஒரே குடும்பமாக இவை என் காதில் ஒலிக்கின்றன. அப்படியானால் நிறம் குன்றுதலும் வானமும் ஒரே வேருக்குள் இருக்கின்றன! ஆங்கிலச் சொல்லில் வானிலை ஒளிந்திருப்பது போல, நம் சொல்லில் முகில் ஒளிந்திருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? மாசும் மையும் அக்குடும்பத்தில் சேருமா என்று கேட்பவர்களுக்கு, மகரமும் கருமையும் சேர்ந்து நிற்கும் சொற்களை வரிசைப்படுத்தித் தனி மடல் எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் துரைமார் கொல்லப்பட்ட பிறகுதான், மலாயாவில் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. அந்த ஆண்டுகளில் விமானத்திலிருந்து துண்டறிக்கைகளைக் காட்டின் மேல் கொட்டினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விமானம் என்றால் அப்போது தலைக்கு மேலே கேட்கும் ஓசைதான். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கையில் ஏந்தி வண்ணம் தீட்டுகிறார்கள் என்பதைப் படித்தபோது மனம் நிறைந்தது. அவர்களுக்கு நல்ல சொல்லாகக் கொடுங்கள்.

*

தைப்பிங், புதன் காலை

ஐயா, எனக்கு இலக்கணம் அதிகம் தெரியாது. விமானப்படையில் தொழில்நுட்பப் பணியில் இருந்தவன். சொல் வைக்கும் முன் பொருளைப் பாருங்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

உண்மை விமானத்தை யாரும் அழுக்காக விட்டுவைப்பதில்லை. துரு பிடிக்கக் கூடாது என்பதற்காக அடிக்கடி கழுவுகிறோம். வெயில் படும் மேல்பக்கம் வெளிறும். வயிற்றுப்பக்கம் அவ்வளவு வெளிறாது, அங்கே எண்ணெய் கசிந்து பின்னோக்கி ஓடிய கோடுகள்தான் இருக்கும். பூச்சு பெயர்ந்த இடத்தில் புதுப்பூச்சைத் தொட்டு வைப்போம். பழைய சாம்பல் நிறத்தின் நடுவே அந்தத் திட்டு பளிச்சென்று தெரியும். மிக்-29-இன் பீரங்கி இடது சிறகு உடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது. சுட்டால் அதைச் சுற்றிக் கரி படியும். அதன் இரண்டு எஞ்சின்களும் கரும்புகை கக்குவதில் பெயர் பெற்றவை. ஏணி வைக்கும் இடம், எங்கள் காலணி படும் இடம் எல்லாம் தனியாகத் தெரியும்.

உங்கள் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். 1:72 அளவில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் கறுப்புக் கோடு போட்டால், உண்மை விமானத்தில் அது 36 மில்லிமீட்டர் பிளவு. அப்படி ஒரு பிளவோடு எந்த விமானமும் பறக்காது. கோட்டை மெல்லியதாக விடச் சொல்லுங்கள்.

சொல் கேட்டீர்கள். எனக்குத் தோன்றியது 'பறப்புக்கறை'.

*

சிங்கப்பூர், புதன் மாலை

> சொல் வைக்கும் முன் பொருளைப் பாருங்கள்

பொருளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: 'வெதரிங்' என்றே விட்டுவிடுங்கள். வாழ்நாளெல்லாம் மென்பொருள் மொழிபெயர்ப்பில் கழித்தவன் நான். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடினால் அந்தச் சொல்லில்தான் காணொளிகள் கிடைக்கும். வண்ணப் புட்டியின் மேலும் அதுதான் எழுதியிருக்கும். மங்குல், மஞ்சு, மை என்று போனால் நாம் மகிழ்வோம்; பிள்ளைக்குக் கதவு திறக்காது. வடசொல்லை நம் எழுத்துக்குள் வாங்கிக்கொள்ளத் தொல்காப்பியரே வழி சொன்னார். ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் கதவை மூட வேண்டும்?

*

ஈப்போ, புதன் இரவு

தொல்காப்பியர் சொன்னது வட எழுத்தை ஒருவி, அதாவது விலக்கி, எடுத்துக்கொள்ளும் முறையை. சிந்திக்காமல் அள்ளிக்கொள்ளச் சொல்லவில்லை. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்றதும் அவர்தான். காலத்துக்குத் தேவையான புதுச்சொல்லை விலக்காதே என்பது அதன் பொருள். அந்தப் புதுச்சொல்லை நாம் ஏன் ஆக்கக் கூடாது? ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு வேலைக்குத் தமிழில் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டால், அந்த வேலை தமிழருக்கு உரியதன்று என்றுதான் அது புரிந்துகொள்ளும். இதை 30 ஆண்டுகள் வகுப்பில் நின்று பார்த்தவன் எழுதுகிறேன்.

*

சுங்கை சிப்புட், வியாழன் காலை

எல்லா மடல்களையும் இரண்டு முறை படித்தேன். தைப்பிங் அண்ணன் எழுதியதை அப்படியே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்.

ஈப்போ ஐயாவின் மங்குவித்தல் அழகாக இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் 'மங்கு' என்றால் பால் மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், கட்டும் கிண்ணம். இப்போது எங்களைச் சுற்றிப் பெரும்பாலும் செம்பனைதான். இருந்தாலும் கண்காட்சிக்கு வரும் பாட்டிமாருக்கு மங்கு என்றால் கிண்ணம்தான், வேறு பொருள் தோன்றாது. அதுகூடப் பரவாயில்லை. என் தடை வேறு இடத்தில் இருக்கிறது.

என் அப்பா பால் வெட்டியவர். தோளில் வைத்துப் பால் வாளிகளைத் தூக்கிய அவருடைய காண்டாக் கம்பு இன்னும் வீட்டில் இருக்கிறது. இரண்டு முனையிலும் வாளிக் கொக்கி உரசி மரம் குழிந்திருக்கிறது. நடுவில், தோளில் அமர்ந்த இடம், எண்ணெய் பூசியது போல மின்னுகிறது. பயன்பட்ட பொருள் மங்கவும் செய்யும், மின்னவும் செய்யும். விமானத்திலும் அப்படித்தான்: மேல்பக்கம் வெளிறுகிறது, கைபடும் ஓரத்தில் உலோகம் பளபளக்கிறது. கறை, மாசு, மங்கல் எதுவும் அந்தப் பளபளப்பைச் சொல்லவில்லை. மூப்பும் சொல்லவில்லை, கொட்டகையில் பூட்டி வைத்த விமானத்துக்கும் மூப்பு வரும்.

புறநானூறு 95 உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி 'கோடுநுதி சிதைந்து', ஓரமும் முனையும் முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. எது போர்க்கருவி என்று ஔவையார் பார்வையாலேயே காட்டிவிட்டார். நாங்கள் சனிக்கிழமை செய்வது இதைத்தான்: முதல் வகைக் கருவியை இரண்டாம் வகையாக்குகிறோம். இரண்டுக்கும் நடுவே இருப்பது புழக்கம்.

ஆகவே நான் முன்வைப்பது 'புழக்கப்பூச்சு'. புழங்கிய பாத்திரம், புழங்கிய பாதை என்று வீட்டிலும் தெருவிலும் இருக்கும் சொல். எந்தப் பிள்ளையும் விளக்கம் கேட்காது. முக்கியமாக, தூரிகையை எடுக்கும் முன் 'இந்த இடத்தை யார் புழங்கினார்கள்?' என்று அது யோசிக்கும். ஏணி வைத்தவரா, எண்ணெய் ஊற்றியவரா, வெயிலா? அந்தக் கேள்வி வந்துவிட்டால் சிறகு முழுவதும் கண்டபடி கறுப்பைத் தேய்க்க மாட்டார்கள்.

*

சென்னை, வியாழன் மதியம்

மூப்பூட்டலை நான் விட்டுக்கொடுக்கிறேன். காண்டாக் கம்பு என்னை வென்றுவிட்டது. இரண்டு எச்சரிக்கைகள். 'புழங்கல்' என்று சுருக்கிவிடாதீர்கள். ஓர் உகரம் கூடினால் புழுங்கல் அரிசி ஆகிவிடும். மற்றொன்று, சுரண்டுவதும் ஒற்றுவதும் பூச்சாகுமா? 'புழக்கத் தோற்றம்' என்றால் எல்லாம் அடங்கும்.

புழங்கு, வழங்கு இரண்டும் உறவா என்று தேடப் போனதில் என் மதிய உணவு நேரம் போய்விட்டது. பொருள் நெருக்கம் இருக்கிறது. ஒலி வழியாக நிறுவ முடியவில்லை. யாராவது தொடர்ந்தால் மகிழ்வேன்.

*

யாழ்ப்பாணம், வியாழன் மாலை

புழக்கப்பூச்சுக்கு என் வாக்கு. தோற்றம் என்பது விளைவு. தாளில் இருப்பது ஒரு படி. படிக்குப் பெயர் செயலாக இருக்கட்டும். புழக்கம், அதே பொருளில் பாவனை, இரண்டும் எங்களிடம் உண்டு, குழப்பமில்லை.

*

தைப்பிங், வியாழன் இரவு

நானும் அதற்கே. இன்னொன்று, கடைசி மங்கல் பூச்சை மாலை மழை நேரத்தில் தெளிக்க வேண்டாம். ஈரக் காற்றில் தெளித்தால் வெண்படலம் படர்ந்து இவ்வளவு நாள் உழைப்பும் கெடும். காலை வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள்.

*

ஈப்போ, வியாழன் நள்ளிரவு

பெரும்பான்மை எங்கே போகிறது என்று தெரிகிறது. நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். புழக்கம் நல்ல சொல். ஆனால் அதில் வெயில் இல்லை, மழை இல்லை, வானமே இல்லை. வானில் பறக்கும் ஒன்றுக்கு வானமில்லாத பெயர் வைத்திருக்கிறோம். மகரச் சொற்களின் வரிசையை ஞாயிறன்று அனுப்புகிறேன்.

*

சுங்கை சிப்புட், வெள்ளி காலை

தாள் அச்சுக்குப் போய்விட்டது. 8-ஆம் படி: புழக்கப்பூச்சு. அதன் கீழே சிறிய எழுத்தில், 'கடைகளில் வெதரிங் என்று கேட்கவும்' என்று சேர்த்திருக்கிறேன். சிங்கப்பூர் நண்பர் சொன்ன தேவை உண்மையானது. அதே படியில் வெயிலில் வெளிறிய மேல்பக்கத்தைச் செய்வதற்குத் தனி வரி ஒன்று இருந்தது. அதற்கு 'மேல்பக்கத்தை மங்குவித்தல்' என்று எழுதினேன், ஐயா. அங்கே வானம் இருக்கிறது.

அடுத்த வாரத்துக்கு ஒரு கேள்வி. நீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டும் அந்தச் சின்னப்படத்தை 'டெக்கால்' என்றே எழுதியிருக்கிறேன். 'நீரொட்டி' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு பையன் அதைத் தண்ணீர் புட்டி என்று நினைத்துவிட்டான்.