மாடிக்கு வந்ததும் குடுவை கட்டாத நெப்பந்தஸ்

மதுரை திருநகரில் இருக்கிறேன். நெப்பந்தஸ் என்கிற, இலை நுனியில் பூச்சி பிடிக்கும் குடுவை கட்டும் செடி ஒன்றரை வருடம் வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்கில், தினம் 12 மணி நேரம் வெளிச்சத்தில் நன்றாக இருந்தது. மாசி பிறந்ததும் மொட்டை மாடியில் 50 சதவீத பச்சை வலைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். ஒரே நாளில் மாற்றியது என் அவசரம்தான். மூன்றே வாரத்தில் இலைகள் சிவந்து ஓரம் கருகிவிட்டன. புது இலை வருகிறது, ஆனால் நுனியில் குடுவை மொட்டு கடுகளவிலேயே கருத்துப்போகிறது.

போர் தண்ணீர் உப்பு என்பதால் ஆரம்பத்திலிருந்தே ஆர்.ஓ. தண்ணீர்தான், டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 30. ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்த தொட்டி. உரம் போட்டதே இல்லை. வலையை இரண்டு மடிப்பாக்கினேன், காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். வேரையும் பார்த்தாச்சு, அழுகல் இல்லை. மதியம் 37 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம்.

அக்னி நட்சத்திரத்துக்கு முன் மறுபடி விளக்குக்குக் கீழே கொண்டுபோவதா, இல்லை வெளியிலேயே பழக விடலாமா?