‘படவழி மேனிநோக்கு’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சமுதாய மருத்துவ மையத்தில் செவிலியர் படமெடுத்து அனுப்புகிறார். நகரத்தில் இருக்கும் தோல் மருத்துவர் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார். ஆங்கிலத்தில் ‘டெலிடெர்மட்டாலஜி’ எனப்படும் இந்த முறைக்குத் ‘தொலைத்தோலியல்’, ‘தோல் தொலைமதிப்பீடு’ என்று இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. வேலூர்ப் பக்கத்து மையங்களுக்குப் படிவங்களைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. இரண்டையும் படிவத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டும் வேண்டாம், ‘படவழி மேனிநோக்கு’ என்று வைக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

முதல் காரணம் எங்கள் ஊர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பழைய வடஆற்காட்டின் இந்தப் பகுதியில் ‘தோல்’ என்றதும் நினைவுக்கு வருவது பதனிட்ட தோல். தோல் கம்பெனி, தோல் மண்டி, தோல் லாரி என்றே காலையிலிருந்து இரவுவரை காதில் விழும். டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஈரத் தோலைக் கையாளும் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் மையத்துக்கு வந்திருந்தார். இரண்டு கைகளிலும் மணிக்கட்டுவரை தோல் தடித்து, விரல் இடுக்குகளில் வெடித்திருந்தது. பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு ஒத்துக்கொள்ளாமல் போனால் இப்படி வரும். படிவத்தின் தலைப்பில் ‘தோல் தொலைமதிப்பீடு’ என்று படித்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இது கம்பெனிக்குப் போகிற தாளா?” என்று கேட்டார். தோலைத் தரம் பிரித்து விலை வைப்பதை நாள் முழுவதும் பார்ப்பவருக்கு, ‘தோல்’, ‘மதிப்பு’ என்ற இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேறு எப்படித் தோன்றும்? வேலை போய்விடும் என்று பயந்தார். செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் கையெழுத்திட்டார். ஒரு சொல் அவரைச் சிகிச்சை பெறாமலே திருப்பி அனுப்பியிருக்கும்.

2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் படம் வழியான ஆலோசனையை ஏற்கின்றன. சுகாதாரப் பணியாளர் முன்னின்று தொடங்கும்போது நோயாளியின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆகவே நாம் ஆக்கும் சொல் அகராதியில் தூங்கப் போவதில்லை. ஒருவர் அதைப் படித்து, புரிந்து, கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

‘தொலை’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியிலும் தொலைக்காட்சியிலும் அது நன்றாகப் பொருந்திவிட்டது. ‘தொலைத்தோல்’ என்று சேர்த்தாலோ, எதையோ தொலைத்ததாகக் காது கேட்கிறது. மேலும் இங்கே தூரம் முக்கியமே இல்லை. மருத்துவர் பத்து கிலோமீட்டரில் இருந்தாலும் நூறு கிலோமீட்டரில் இருந்தாலும் அவர் கையில் இருப்பது படம்தான். அதனால்தான் ‘படவழி’ என்கிறேன்.

இனி ‘மேனி’. உடல், நிறம், வடிவம் என்ற மூன்று பொருளும் இந்தச் சொல்லில் இருக்கின்றன. படம் சுமந்து செல்வதும் நிறத்தையும் வடிவத்தையும்தான். எங்கள் மையத்தில் செவிலியர் படமெடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிறம் மாறிவிடும் என்று நோயாளியைத் தாழ்வாரத்து நிழலுக்கு அழைத்து வருவார். முதலில் காலோ கையோ முழுவதும் தெரிய ஒரு படம். அடுத்து அந்தப் பகுதி மட்டும். கடைசியாகப் படையின் ஓரம் தெளிவாகத் தெரியும்படி மிக அருகில் ஒன்று. அளவு தெரிவதற்காகக் காகித அளவுகோல் ஒன்றைப் படையை ஒட்டிப் பிடித்துக்கொள்வார். வெளுத்த தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு நம் கருத்த மேனியில் அப்படித் தெரியாது. ஊதா கலந்தோ, சாம்பல் பூத்தோ, சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ இருக்கும். அதனால் நோயில்லாத பக்கத்துத் தோலையும் சேர்த்தே எடுப்பார். நகம், உள்ளங்கால், தலையின் வழுக்கைத் திட்டு எல்லாவற்றையும் படமெடுக்கிறார்கள். நகத்தைத் ‘தோல்’ என்றால் யாருக்கும் ஒட்டாது. மேனியில் எல்லாம் அடங்கும்.

‘மேனி’ கவிதைச் சொல், அழகு நிலையச் சொல் என்று சிலர் தயங்கலாம். சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசும் செடிக்கு நம் முன்னோர் குப்பைமேனி என்று பெயர் வைத்தபோது கவிதையும் எழுதவில்லை, அழகு நிலையமும் நடத்தவில்லை. துறையின் பெயர் தோல் மருத்துவமாகவே இருக்கட்டும். இந்த ஒரு செயலுக்கு மட்டும்தான் மேனி என்கிறேன். உருப்பெருக்கிப் பார்க்கும் கைக்கருவிக்குத் ‘தோல்நோக்கி’ என்ற பெயரையும் மிச்சம் வைத்துக்கொள்ளலாம். எதையும் பெரிதாக்காத இந்தப் பார்வையோடு அது குழம்பாது.

‘நோக்கு’ என்பதற்குப் பதிலாக ‘நோயறிதல்’ என்று ஏன் போடக்கூடாது என்ற கேள்விக்குக் கரிகிரி இருக்கும் வட்டாரத்தில் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். 1955 முதல் அங்கே தொழுநோய் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. கன்னத்தில் வெளிறிய திட்டோடு ஒரு சிறுவன் வந்தால் படத்தில் அது சாதாரணத் தேமல் போலவே தெரியலாம். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டு, “தெரிகிறதா?” என்று கேட்க வேண்டும். தொழுநோயால் அந்த இடம் மரத்திருந்தால் அவன் பேசாமல் இருப்பான். அந்த மௌனம் எந்தப் படத்திலும் பதியாது. பார்த்தது பார்வை மட்டுமே, இன்னும் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லே நினைவூட்டட்டும். ‘நோய்’ என்ற சொல்லைத் தலைப்பில் போட்டால், திட்டோடு வரும் ஒவ்வொருவரும் பெருநோய் என்று முடிவுகட்டி ஒளிந்துகொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

‘நோக்கு’ இன்று ‘கண்ணோட்டம்’ என்ற பொருளிலும் வழங்குவது உண்மை. ஆனால் தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் பார்த்தல் என்ற பொருள் மங்கிவிடவில்லை. காண்பது கண்ணில் படுவது. நோக்குவது கருத்தோடு பார்ப்பது.

படத்தை இப்போது எடுத்து, மருத்துவர் பிறகு பார்க்கும் வகைக்கு ‘எடுத்தனுப்பு முறை’ என்று வைக்கலாம். காணொலியில் உடனே பார்ப்பது ‘நேரலை நோக்கு’. இவற்றில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

புதிய படிவத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

“என் மேனியின் இந்தப் பகுதியைப் படமெடுத்து, படவழி மேனிநோக்குக்காக மருத்துவருக்கு மட்டும் அனுப்பச் சம்மதிக்கிறேன். தேவைப்பட்டால் நேரில் வந்து காட்டுவேன்.”

‘மட்டும்’ என்ற சொல்லை அந்த டேனரித் தொழிலாளிக்காகச் சேர்த்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் திருத்தங்களைச் சொல்லுங்கள்.